மூச்சில் பறக்கும் பொன்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தச் சொற்பொழிவுக்குத் தலைப்பு என்ன என்று கேட்டு அறக்கட்டளையிலிருந்து அழைத்தபோது ‘சீனத்துப் பொன், வெள்ளி வேலைகள்’ என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “ஐயா, நம்ம ஊர் நகை பத்தி இல்லைங்களா?” என்று கேட்டார் அன்பர். நம்ம ஊர் நகையைப் பற்றி இந்த அரங்கில் நான் வாய் திறந்தால், முன்வரிசையில் இருக்கும் என் துணைவியாரே எழுந்து திருத்துவார். அதனால்தான் தொலைவாகப் போய்விட்டேன்.

நான் உலோகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆனால் பொன்னை எனக்கு அறிமுகம் செய்தது கல்லூரி ஆய்வகம் இல்லை, எங்கள் பெரியப்பாவின் பட்டறை. குமுட்டியில் கரி கனிந்துகொண்டிருக்கும். பெரியப்பா ஊதுகுழலை வாயில் வைத்துக் கன்னத்தை உப்பிக்கொண்டு, மூக்கால் மூச்சை இழுத்து வாயால் விடுவார். சுடர் அறுபடாமல் ஒரே நீளத்தில் நிற்கும். சீனத்துப் பட்டறைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கன்னம்தான் நினைவுக்கு வருகிறது.

ஒரு மகுடத்திலிருந்து தொடங்குகிறேன். பெய்ஜிங்குக்கு வடமேற்கே திங்லிங் என்ற கல்லறை. மிங் வம்சத்துப் பேரரசர் வான்லி 1620இல் இறந்து அங்கே அடக்கமானார். 1956இல் அகழத் தொடங்கி, 1957இல் நிலவறையைத் திறந்தார்கள். அரசரின் தலைமாட்டில் ஒரு வட்டப் பெட்டி. அதற்குள் பொற்கம்பியால் பின்னிய முடி. உயரம் 24 சென்டிமீட்டர். கம்பியின் தடிமன் 0.2 மில்லிமீட்டர், எண்ணிக்கை 518. கொசுவலை மாதிரி ஊடே பார்வை போகும். எங்கே கம்பி தொடங்கியது, எங்கே முடிந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. உச்சியில் இரண்டு டிராகன்கள் ஒரு முத்துக்காக மோதுகின்றன.

எடை 826 கிராம். பவுனுக்கு எட்டு கிராம் என்று வகுத்துப் பாருங்கள், 103 பவுன். பேரரசனின் முடி நம்மூர்ப் பெரிய வீட்டுக் கல்யாண நகைக் கணக்குக்குள் அடங்கிவிடுகிறது! இதை ஒரு நகைக்கடை மேஜையில் வைத்தால் செய்கூலி எவ்வளவு போடுவார்கள், சேதாரம் எத்தனை சதவீதம் சொல்வார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். பில் போட முடியாது. நம் கணக்கில் பொன்தான் முதல், வேலை அதன்மேல் ஏறும் ஒரு சதவீதம். அந்த முடியைச் செய்தவர்களுக்கு வேலைதான் முதல். பொன் அதற்குக் கிடைத்த நூல்.

இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். சீனத்தின் நீண்ட வரலாற்றில் பொன் பெரும்பாலும் திண்மமாக இருந்ததில்லை. தகடாக, பூச்சாக, ரேக்காக, இழையாகத்தான் இருந்தது. கொஞ்சம் பொன்னை எவ்வளவு தூரம் பரப்பலாம் என்ற கேள்வியைச் சுற்றியே அவர்களின் நுட்பங்கள் வளர்ந்தன. விதிவிலக்குகளும் உண்டு, ஒளிக்காமல் பின்னால் சொல்கிறேன்.

இதற்குக் காரணம் தேடினால், தொடக்கத்தில் சீனர்களுக்குப் பொன் மீது அப்படியொன்றும் மயக்கம் இல்லை என்பதில் போய் நிற்கிறோம். 1976இல் அன்யாங்கில் ஷாங் காலத்து அரசி ஃபூ ஹாவின் கல்லறை, கொள்ளை போகாமல் முழுசாகக் கிடைத்தது. பச்சைக்கல் பொருள்கள் 755, வெண்கலப் பொருள்கள் 468. ஒரு பேரரசின் படைத்தலைவியாகவும் இருந்தவளுக்கு மறுமைக்கு வேண்டியவை பச்சைக்கல்லும் வெண்கலமும்தான்.

தென்மேற்கே சிச்சுவான் பகுதியில் கதை கொஞ்சம் வேறு. அங்கே சன்சிங்துயியில் வெண்கல முகங்களுக்குப் பொற்தகட்டில் முகமூடி போட்டிருக்கிறார்கள். 2001இல் செங்டூ நகரில் ஜின்ஷா என்ற இடத்தில் ஒரு வட்டத் தகடு கிடைத்தது. நடுவில் பன்னிரண்டு கதிர்களோடு சூரியன் சுழல்கிறது, சுற்றி நான்கு பறவைகள் பறக்கின்றன, எல்லாம் வெட்டி நீக்கிய வெற்றிடத்தால் ஆன உருவம். குறுக்களவு 12.5 சென்டிமீட்டர், தடிமன் 0.2 மில்லிமீட்டர், எடை 20 கிராம். இரண்டரைப் பவுன்! இன்று சீன நாட்டின் பண்பாட்டு மரபுச் சின்னமே அதுதான்.

நடுச் சீனத்தில் பொன்னைப் பாத்திரமாக்கியபோதும், வெண்கலம் வார்க்கிற பழக்கத்திலேயே வார்த்தார்கள். ஹூபெய் மாநிலத்தில் 1978இல் தோண்டிய ஸெங் நாட்டுக் கோமான் யீயின் கல்லறையில் மூடியோடு ஒரு பொற்கிண்ணம் இருந்தது. எடை 2150 கிராம். கி.மு. 433ஐ ஒட்டிய காலம். அழகான பொருள்தான். ஆனால் பொன் தட்டினால் விரியும், இழுத்தால் நீளும் என்பதை அந்தக் கிண்ணம் பொருட்படுத்தவேயில்லை. வெண்கலத்துக்குச் செய்த வார்ப்பில் பொன்னை ஊற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பொன்னின் குணம் புரிந்த வேலை என்று நான் நினைப்பது, அதே காலத்தை ஒட்டித் தலையெடுத்த ரசப்பூச்சு. பாதரசத்தில் பொன்னைக் கரைத்துப் பூசும் முறை. பட்டறைகளில் இதன் முதல் படிக்குப் பெயரே ‘பொன்னைக் கொல்லுதல்’. நம் சித்த மருத்துவத்தில் உலோகத்தைப் பஸ்பமாக்குவதை மாரணம் என்கிறோமே, அதே சொல், அதே எண்ணம். பொன்னை மெல்லிய தகடாகத் தட்டி, துண்டு துண்டாக நறுக்கி, மூசையில் பழுக்கக் காய்ச்சி, ஒரு பங்கு பொன்னுக்கு ஏழு பங்கு என்ற அளவில் பாதரசத்தோடு சேர்ப்பார்கள். மஞ்சள் நிறம் மாயமாகி, வெள்ளியைப் போன்ற பசை ஒன்று மிஞ்சும். அதைப் பொற்சேறு என்பார்கள். செம்புக் குச்சியால் தொட்டு, வெண்கலத்தின் மேல் உப்பும் படிகாரமும் கலந்த நீரோடு தேய்ப்பார்கள். இந்தக் கட்டத்தில் பார்க்கிற யாரும் வெள்ளிப் பாத்திரம் என்றே சத்தியம் செய்வார்கள். பிறகு கரிநெருப்பின் மேல் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். 357 பாகையில் பாதரசம் கொதித்து ஆவியாகப் போய்விடும். போகப் போக, கொன்ற பொன் மஞ்சளாக உயிர்த்து வரும். கடைசியில் அகேட் கல்லால் அழுத்தித் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள்.

அந்த ஆவி எங்கே போகும்? வேலை செய்கிறவரின் நுரையீரலுக்கு. கை நடுக்கம், ஈறு வீக்கம், நினைவுக் குழப்பம் என்று பாதரச நஞ்சின் அடையாளங்களை உலோகவியல் மாணவர்களுக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஹான் காலத்து முலாம் பொருள்களை அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் பார்க்கும்போது அந்தப் பட்டியலை மறக்க முடிவதில்லை.

அப்படி ஒரு பொருள், மான்செங்கில் 1968இல் கிடைத்த விளக்கு. மண்டியிட்ட பணிப்பெண் ஒருத்தி விளக்கை ஏந்தியிருக்கிறாள். அவளுடைய வலது கைச் சட்டைதான் புகைபோக்கி. புகை சட்டைக்குள் ஏறி, உடலுக்குள் தங்கிவிடும். அறை கரி பிடிக்காது. முழுக்க வெண்கலம், மேலே பொற்பூச்சு. விளக்குப் புகையிலிருந்து அரண்மனையைக் காப்பாற்றியவர்களுக்கு, பூச்சுப் புகையிலிருந்து பட்டறைக்காரனைக் காப்பாற்றத் தோன்றவில்லை.

இனித் தாங் காலம். ஏழாம் நூற்றாண்டிலிருந்து பட்டுச் சாலை வழியாக சோக்தியர்களும் பாரசீகர்களும் தலைநகரில் வந்து குவிந்தார்கள். அவர்களோடு வெள்ளியைத் தட்டிக் குழிக்கும் கலையும் வந்தது. வார்ப்பு பின்வாங்கியது, சுத்தியல் முன்னுக்கு வந்தது. 1970 அக்டோபரில் சியான் நகரின் தெற்கே ஹெஜியாசுன் என்ற இடத்தில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது, இரண்டு மண்சாடிகளிலும் ஒரு வெள்ளிப் பானையிலும் அடைத்த ஒரு புதையல் கிடைத்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருள்கள். பாரசீக, பைசாந்திய, ஜப்பானிய நாணயங்கள்கூட இருந்தன. எந்தக் கலவரத்துக்குப் பயந்து புதைத்தார்களோ, திரும்பி வந்து எடுக்கவில்லை.

அந்தக் குவியலில் எனக்குப் பிடித்தது, எலுமிச்சம்பழ அளவு வெள்ளி உருண்டை ஒன்று. குறுக்களவு 4.6 சென்டிமீட்டர். மேலெல்லாம் திராட்சைக் கொடியும் பறவையுமாகத் துளையிட்ட வேலை. இரண்டு பாதிகள், ஒரு கீல், ஒரு கொக்கி. திறந்தால் உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையங்கள். வளையங்களுக்கு நடுவே ஒரு சின்னப் பொற்கிண்ணம். வளையங்களின் அச்சுகள் ஒன்றுக்கொன்று குறுக்காகப் பொருத்தப்பட்டிருப்பதால், உருண்டையை எப்படி உருட்டினாலும் கிண்ணம் தன் எடையால் நிமிர்ந்தே நிற்கும். கிண்ணத்தில் கனல், அதன்மேல் வாசனைப் பொருள். இடுப்பிலோ கையிலோ தொங்கவிட்டுக்கொண்டு நடக்கலாம், படுக்கையில் போர்வைக்குள் வைத்துக்கொள்ளலாம், ஒரு பொறிகூடக் கொட்டாது. கப்பல் திசைகாட்டியை அலையில் சாயாமல் நிறுத்துவதும் இதே பொறிமுறைதான்.

இதற்கு ஒரு கிளைக்கதை இருக்கிறது. பேரரசர் ஷுவான்சோங்கின் காதலி யாங் குயிஃபெய் 756இல், படை கலகம் செய்த நேரத்தில், தப்பிச் செல்லும் வழியிலேயே கொல்லப்பட்டு அவசரமாகப் புதைக்கப்பட்டாள். பின்னர் உடலை மாற்றி அடக்கம் செய்ய ஆள் அனுப்பினார்கள். தோலும் தசையும் அழிந்திருந்தன, வாசனைப் பை மட்டும் அப்படியே இருந்தது என்று தாங் வரலாறு சொல்கிறது. உடல் மக்கிய மண்ணில் துணிப்பை எப்படி மக்காமல் இருக்கும்? அந்தச் சொல்லைத் துணிப்பை என்றே படித்துக்கொண்டிருந்தவர்கள் கற்பனை என்று தள்ளினார்கள்.

விடை 1987இல் வந்தது. ஃபாமென் கோயிலின் கோபுரம் இடிந்துபோயிருக்க, அடித்தளத்தைச் சரிசெய்யப் போனவர்கள் 874இல் மூடிய நிலவறையைக் கண்டார்கள். புத்தரின் விரல் எலும்பு என்று வணங்கப்பட்ட பொருளுக்குப் பேரரசர்கள் காணிக்கை தந்த பொன், வெள்ளிப் பொருள்கள் 121. எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய புதையலாகத் தோன்றுவது, வாசலில் நிறுத்தியிருந்த கல்வெட்டுப் பட்டியல். பொருளின் பெயர், எண்ணிக்கை, எடை எல்லாம் அதில் உண்டு. பட்டியலில் ‘வாசனைப் பை, இரண்டு’ என்று எழுதியிருந்தது. நிலவறையில் அந்தப் பெயருக்குப் பொருந்தியவை இரண்டு வெள்ளி உருண்டைகள், உள்ளே வளையமும் கிண்ணமுமாக. குயிஃபெயோடு மண்ணுக்குள் கிடந்த பையும் உலோகப் பைதான் போலும். ஒரு சொல்லின் பொருளை வெள்ளித்தட்டார் வந்து திருத்திய கதை இது. நம் இலக்கியத்து அணிகலப் பெயர்களில் எத்தனை இப்படிக் காத்திருக்கின்றனவோ!

இந்த வெள்ளிப் பாத்திரங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உருவத்தைச் சுற்றியுள்ள வெறும் பரப்பை ஊசிமுனை வளைய உளியால் ஆயிரக்கணக்கில் குத்தி, மீன்சினை போலாக்குவார்கள். பூவுக்கும் பறவைக்கும் மட்டும் பொன் பூசுவார்கள். முழுவதும் பூசினால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் வழுக்கும். பொன்னை எங்கே பூசாமல் விடுவது என்பதில்தான் அந்தத் தட்டார்களின் ரசனை இருந்தது.

அடுத்து ரேக்கு. தஞ்சாவூர் ஓவியம் பார்த்தவர்களுக்குத் தங்க ரேக்கு தெரியும். சீனத்தில் இதன் பெரிய ஊர் நான்ஜிங். 1637இல் சோங் யிங்சிங் என்பவர், தேர்வெழுதிப் பெரிய பதவி கிடைக்காத ஒரு படிப்பாளி, கைத்தொழில்களையெல்லாம் நேரில் பார்த்தவர் போல ‘தியென்கோங் கைவூ’ என்ற நூலில் எழுதினார். அதில் ரேக்கு அடிக்கும் பகுதியை நான் வகுப்பிலேயே மொழிபெயர்த்துச் சொல்வதுண்டு. மூங்கில் காகிதத்தை, எங்கும் காற்றுப் புகாமல் ஊசித்துளை மட்டும் விட்ட அறைக்குள் எண்ணெய் விளக்குப் புகையில் கறுப்பாக்குகிறார்கள். அந்தக் கருங்காகிதங்களுக்கு இடையே பொன்துண்டுகளை வைத்துக் கட்டாகக் கட்டிச் சுத்தியலால் அடிக்கிறார்கள். ஒரு காகிதம் ஐம்பது தடவை அடி தாங்கும். பிறகும் கிழியாது, மருந்துக்கடைக்காரர்கள் சாதிலிங்கம் மடிக்க வாங்கிப் போவார்கள்.

அடித்த ரேக்கை வெட்டும் இடம் இன்னும் நுட்பம். பதப்படுத்திய பூனைத்தோலை ஒரு சிறு பலகையில் இழுத்துக் கட்டி, ஊதுவத்திச் சாம்பலைத் தூவி, அதன்மேல் ரேக்கை விரித்து, மழுங்கிய கத்தியால் சதுரம் சதுரமாகக் கோடு போடுகிறார்கள். மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். மெல்லிய குச்சியை எச்சிலில் தொட்டு ஒவ்வொன்றாக எடுத்துக் காகிதத்துக்கு நடுவே வைக்க வேண்டும். ஒரு தும்மல் போதும், அன்றைய கூலி அறையெங்கும் பறக்கும்.

அவர் ஒரு கணக்கும் தருகிறார். ஏழு ஃபென் பொன்னில் ஓர் அங்குலச் சதுரமாக ஆயிரம் ரேக்கு, ஒட்டினால் மூன்றடிக்கு மூன்றடிப் பரப்பை மூடும். ஏழு ஃபென் என்பது சுமார் 2.6 கிராம். பழைய சீன அங்குலம் நம்முடையதைவிடக் கொஞ்சம் பெரிது என்பதையும் சேர்த்துக் கரும்பலகையில் போட்டுப் பார்த்தேன். தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ எட்டாயிரத்தில் ஒரு பங்கு வருகிறது. இன்றைய நான்ஜிங் ரேக்கும் அதே அளவுதான். நானூறு ஆண்டுக்கு முந்தைய எழுத்தாளர் சொன்ன எண் இப்படிப் பொருந்திப் போனால், மற்ற பக்கங்களையும் நம்பிப் படிக்கலாம் என்ற தைரியம் வருகிறது. இப்போது இடிப்பது பெரும்பாலும் இயந்திரச் சுத்தியல். ஆனால் ரேக்கைக் கட்டிலிருந்து எடுப்பது இன்னும் வாத்து இறகும் மனிதரின் மூச்சும்தான். வாயால் இலேசாக ஊதி ரேக்கை விரிப்பார்கள். கோடையிலும் மின்விசிறி கூடாது.

அதே நூலில் உரைகல் பற்றி ஒரு வரி வருகிறது. ஆற்றில் பொறுக்கிய கல்லை வாத்துச் சாற்றில் ஒரு கொதி விட்டால் மெருகுபோட்டது போலக் கறுப்பாகும் என்கிறார். பெரியப்பாவிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். கல்லில் கொழுப்பு ஏறினால் கறுப்பு கூடும் என்பது சரிதான். மாற்றுக் குறையக் குறைய மஞ்சள் பச்சையாகும், ஏற ஏறச் சிவக்கும் என்று சீனர்கள் நிறவரிசையும் வைத்திருந்தார்கள்.

மறுபடியும் கம்பிக்கு வருகிறேன். எஃகுத் தகட்டில் பெரிதிலிருந்து சிறிதாகத் துளைகள். பொற்கம்பியை ஒவ்வொன்றிலும் நுழைத்து இழுத்து இழுத்து மெலிதாக்குவது. நம்மூர்க் கம்மச்சும் அதுவேதான். சீனத்தில், இழுத்த ஒற்றை இழையை அப்படியே பயன்படுத்துவதைவிட, இரண்டை முறுக்கி, சில நேரம் தட்டையாக்கி, ஓரத்தில் மணி கோத்தது போல் தோன்றவைப்பது வழக்கம். அதைப் பூவிழை என்கிறார்கள். கலைக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. சாமணத்தால் வளைப்பது, சட்டத்துக்குள் நிரப்புவது, பின்னுவது, நெய்வது என்று எட்டுச் செயல்களாகப் பெய்ஜிங் பட்டறைகளில் எண்ணுவார்கள். எனக்கு வியப்பளிப்பது உள்ளீடற்ற உருவம் செய்கிற முறை. ஒரு மலைவாழ் ஆர்க்கிட் செடியின் கிழங்கிலிருந்து பசை எடுத்து, கரித்தூளோடு பிசைந்து, டிராகனின் உடலை முதலில் அதில் செய்கிறார்கள். அந்தக் கரிப்பொம்மைமேல் பூவிழையைச் சுற்றி ஒட்டி, பற்றாசுப் பொடி தூவி, நெருப்புக் காட்டுகிறார்கள். இழைகள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். உள்ளே இருந்த பொம்மை எரிந்து சாம்பலாக உதிர்ந்துவிடும். உடல் போய் வெறும் தோல் நிற்கும்.

இழை 0.2 மில்லிமீட்டர். பற்றாசு உருக வேண்டும், இழை உருகக் கூடாது. இரண்டின் உருகுநிலைக்கும் இடையே கிடைக்கும் சின்ன இடைவெளியில்தான் ஊதுகுழல்காரர் நிற்கிறார். பேச்சில் ‘பொடி வைத்துப் பேசுகிறான்’ என்பதே தட்டாரிடமிருந்து வந்தது என்பார் பெரியப்பா. ஒட்டு தெரியாமல் ஒட்ட வேண்டும், பேச்சிலும்.

பொடி ஓடுவதற்கு வெங்காரம் வேண்டும். இங்கே நம் ஊர் உண்மையிலேயே கதைக்குள் வருகிறது. 1077இல் சோழ நாட்டுத் தூதுக்குழு, 27 பேர், சொங் பேரரசரின் அவைக்குப் போனது. குலோத்துங்கன் ஆட்சிக்காலம். தூதர்கள் மண்டியிட்டு முத்தும் கர்ப்பூரமும் இறைத்தார்கள் என்று சொங் வரலாறு எழுதுகிறது. கொண்டுபோன காணிக்கைப் பட்டியலில் பொற்றாமரை, பன்னீர், பெருங்காயம் இவற்றோடு வெங்காரமும் இருக்கிறது. பதிலுக்குச் சோழ மன்னனுக்கு 81,800 சரம் காசும் 52,000 லியாங் வெள்ளியும் கிடைத்தன. அந்த வெள்ளி ஏறத்தாழ இரண்டு டன். நாம் அனுப்பிய வெங்காரத்தில் எந்தச் சீனத் தட்டார் எதை ஒட்டினாரோ! பொற்றாமரையைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். பட்டறையில் வளர்ந்தவனுக்கு வெங்காரத்தில்தான் கண் போகிறது.

விதிவிலக்குகள் என்றேன். முதலாவது, சிங் பேரரசர் சியென்லுங். 1777இல் தாய் இறந்தபோது, அவருடைய உதிர்ந்த தலைமுடியை வைக்க ஒரு பொற்கோபுரம் செய்யச் சொன்னார். உயரம் 147 சென்டிமீட்டர், எடை நூறு கிலோவுக்கு மேல். பொன் போதாமல் அரண்மனைப் பொருள்களை உருக்கினார்கள். தாய்ப்பாசத்தைக் குறை சொல்லவில்லை. வேலையாகப் பார்த்தால் வான்லியின் முடிக்குப் பக்கத்தில் அது நிற்காது என்பது என் எண்ணம்.

இரண்டாவது விதிவிலக்கை இவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. குய்ஜோ மாநிலத்து மலைகளில் வாழும் மியாவ் மக்களிடம் வெள்ளி என்றால் கனம்தான் அழகு. திருவிழா நாளில் பெண்ணின் தலையில் மாட்டுக்கொம்பு போல் விரிந்த வெள்ளி, கழுத்தில் அடுக்கடுக்காக வளையம். நடந்தால் ஓடை சலசலப்பது போல் ஒலிக்கும். லெய்ஷான் மாவட்டத்தில் கொங்பாய் போன்ற சில ஊர்களில் வீட்டுக்கு வீடு வெள்ளித்தட்டார்கள்; சுத்தியலும் துருத்தியும் தோளில் சுமந்து ஊர் ஊராகப் போய்ச் செய்தவர்கள். சுரங்கம் கிடையாது. கையில் வந்த வெள்ளி நாணயங்களைத்தான் உருக்கினார்கள். அரசுகள் மாறும், நாணயம் செல்லாமல் போகும். மகளின் கழுத்தில் கிடக்கும் வெள்ளி செல்லும். நம் பாட்டிமாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்று அங்கேயும் அச்சில் அடித்த வெண்செம்பு நகைகள் சந்தையை நிறைத்துவிட்டன. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பளபளப்பு ஒன்றுதான், தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கடைசியாக சோங் யிங்சிங் எழுதிய இன்னொரு வேலை. பொன் ரேக்கு ஒட்டிய பழைய பொருள் பாழானால் என்ன செய்வது என்று அவர் சொல்கிறார். சுரண்டி எடு, எரி. பொன் சாம்பலுக்குள் ஒளிந்திருக்கும். சில சொட்டு எண்ணெய் விடு, பொன் திரண்டு அடியில் தங்கும். அலசி உலையில் வை. ஒரு பொட்டும் குறையாது.

இதைப் படித்த அன்று எனக்குப் பெரியப்பா இறந்த வருடம் நினைவுக்கு வந்தது. பட்டறையைக் காலி செய்தோம். கம்மச்சை ஒருவர் கேட்டு வாங்கிப்போனார், உரைகல் என்னிடம் இருக்கிறது. ஒரு வாரம் கழித்து ஒருவர் கூடையோடு வந்து, தரையை வாங்கிக்கொள்கிறேன் என்றார். நாற்பது வருடம் பெரியப்பா உட்கார்ந்த இடத்தின் மண். பெரியம்மா கதவோரம் நின்று பேரம் பேசினார். மூன்று கூடை மண்ணை வந்தவர் ஒரு சிட்டிகைகூடச் சிந்தாமல் அள்ளிக்கொண்டு போனார்.